அரங்கை நிறுத்திக்கொண்டு கட்டுங்கள்: சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர்-செயலர் அவர்களுக்கும், பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றி முடிவெடுக்கும் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்தில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. அஞ்சல்தலை சேகரிக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். புதுத் தலைகள் வந்தால் அங்கேதான் போய் வாங்குவார்கள். 1913இல் வார்விக் மேஜர் என்பவர் அதைக் கட்டியபோது அதன் பெயர் எலெக்ட்ரிக் தியேட்டர். படம் காட்டுவதற்கென்றே இந்த ஊரில் நிலையாக எழுந்த முதல் கொட்டகைகளில் ஒன்று. சில வருடம்தான் ஓடியது. 1915இல் அஞ்சல் துறை அந்த இடத்தை வாங்கியது. வாங்கியவர்கள் இடிக்கவில்லை. உள்ளே தங்கள் வேலையை வைத்துக்கொண்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கட்டடம் நிற்கிறது, வேலையும் நடக்கிறது.

இந்த மடலில் நான் கேட்கப்போவது ஏறக்குறைய இவ்வளவுதான். பழைய திரையரங்கு மனைகளில் வீடும் கடையும் அலுவலகமும் வரட்டும். ஆனால் அரங்கை நிறுத்திக்கொண்டு வரட்டும். அப்படிக் கட்டுகிறவருக்கு நஷ்டம் வராதபடி விதியை எழுதும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தை நீங்கள் தயாரித்துக்கொண்டிருக்கும் நேரம் இது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். அப்பா மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்தார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் கேபினுக்குப் போவேன். உள்ளே இரண்டு புரொஜெக்டர், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் கூரையைத் தாண்டிப் போகும் ஒரு தகரக் குழாய். கார்பன் குச்சி எரிகிற புகை அதன் வழியாக வெளியே போகும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், வெளிச்சம் மங்கும். அப்பா கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துத் திருகை நகர்த்திக்கொண்டே இருப்பார். இருபது நிமிடத்துக்கு ஒரு ரீல் முடியும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அப்போது அடுத்த மெஷினை ஓடவிடவேண்டும். இரண்டாவது புள்ளியில் மாற்றவேண்டும். கீழே ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரீல் மாறியதே அவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடமாட்டார்.

அந்தத் தியேட்டர் இன்று இல்லை. இடிக்கும் வேலை தொடங்கிய மூன்றாம் நாள் நான் போய் நின்றேன். அப்பா ஓட்டிய மெஷினில் ஏதாவது ஒரு பாகமாவது கிடைக்குமா என்று கேட்டேன். எல்லாம் பழைய இரும்புக்கு எடை போட்டு முதல் நாளே வண்டி ஏற்றியாகிவிட்டது என்றார்கள். இடிக்கும் முன்பே ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தேன். அங்கிருந்தவர் மனுவை வாங்கிக்கொண்டு, "சினிமாக் கொட்டகைதானே சார், இதுல என்ன பாரம்பரியம்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே அந்தச் சந்தேகம் இருந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மடலை அவருக்கான பதிலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

என்ன பாரம்பரியம் என்றால், முதலில் இது. 1914இல் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைத் திறந்தார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமா தியேட்டர் அது. அதே 1914இல் கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் டாக்கீஸைத் தொடங்கினார். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது நம் ஜார்ஜ் டவுனில், கினிமா சென்ட்ரல் கொட்டகையில். பின்னாளில் அதுவே முருகன் தியேட்டர். தமிழ் முதன்முதலாகத் திரையில் பேசிய இடம் அது. இன்று அங்கே தியேட்டர் கிடையாது. கெயிட்டியும் கிடையாது. கோவையில் டிலைட் என்று பெயர் மாறி ஓடிய வெரைட்டி ஹால் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். வெரைட்டி ஹால் ரோடு என்று சாலைக்கு மட்டும் பெயர் இருக்கிறது. அந்தச் சாலையில் நடக்கிற பிள்ளை "வெரைட்டி ஹால் எங்கே?" என்று கேட்டால் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாவது, ஒரு காலத்தில் இந்த ஊரில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த இடம் கோயிலைவிடக் கொட்டகைதான். தரை டிக்கெட், பெஞ்சு, சேர், பால்கனி என்று கட்டணம் வேறாக இருந்தது உண்மை. நுழையும் வழிகூட வேறு. ஆனால் விளக்கு அணைந்த பிறகு எல்லாருக்கும் ஒரே திரைதான். யார் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேட்டு உள்ளே விட்ட இடம் அல்ல அது. தமிழ்நாட்டு அரசியல் எப்படி வளர்ந்தது என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கொட்டகைகளைத் தாண்டி எழுத முடியாது. 1952இல் மதுரையில் எழுந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அந்த மனையில் இன்று துணிக்கடை இருக்கிறது.

துணிக்கடை மீது எனக்கு வருத்தம் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி மடல் எழுதுகிறவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று நினைத்துவிடுகிறார்கள். உரிமையாளர்களின் கஷ்டம் எனக்கு நன்றாகவே தெரியும். அப்பாவின் முதலாளி மாதக் கடைசியில் கணக்குப் புத்தகத்தோடு தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஆயிரம் இருக்கை உள்ள ஹாலில் செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு நாற்பது பேர் வந்தாலும் ஏ.சி. ஆயிரம் பேருக்கும் சேர்த்துத்தான் ஓடவேண்டும். டிக்கெட் விலைக்கு அரசின் உச்சவரம்பு உண்டு. ஜி.எஸ்.டி.க்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் உண்டு. படம் வந்த சில வாரங்களில் வீட்டுத் திரைக்கு வந்துவிடுகிறது. தாத்தா கட்டிய தியேட்டருக்குப் பேரன் பேத்திகள் பத்துப் பேர் பங்குதாரர்களாக இருப்பார்கள். வாசலில் மெட்ரோ நிலையம் வந்து மனையின் விலை ஏறிவிட்டது. இத்தனையும் ஒரு பக்கம் இருக்க, "பாரம்பரியம், வைத்திருங்கள்" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

ஆகவே இதுவரை நடந்தது என்ன? 1964இல் திறந்த சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு மூன்றும் ஒரே வளாகத்தில் மூன்று திரையாக இருந்தன. இந்தியாவில் மல்டிபிளெக்ஸ் என்ற சொல் புழங்காத காலம் அது. மூடினார்கள், இடித்தார்கள். இடித்த பின் அந்த மனை ஆண்டுக்கணக்கில் வெறும் பொட்டலாகக் கிடந்ததை ஜெமினி மேம்பாலத்தில் போன எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனந்த் போனது. 1961இல் திறந்த சாந்தி 2016இல் மூடியது. அதன் இடத்தில் வணிகக் கட்டடம் வந்திருக்கிறது. 1983இல் அசோக் நகரில் வந்த உதயம், கே.கே. நகர், மாம்பலம் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு முதல் தியேட்டர். அதுவும் 2024இல் மூடியது. ஒவ்வொரு முறையும் கடைசிக் காட்சியன்று கூட்டம் கூடுகிறது, செல்ஃபி எடுக்கிறோம், செய்தித்தாளில் அரைப் பக்கம் வருகிறது. அப்புறம் தகரத் தட்டி அடைக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றில் ஒன்றில்கூட, ஹாலை மட்டும் வைத்துக்கொண்டு மீதி மனையில் கட்டலாமா என்ற யோசனை வரைபடத்தில் ஏறியதாக நான் கேள்விப்படவில்லை. கட்டுகிறவருக்கு அப்படி யோசிக்க எந்தக் காரணமும் இல்லை. நம் விதி அதற்கு இடமே வைக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதவேண்டும், ஏனென்றால் விஷயம் இதில்தான் இருக்கிறது.

பழைய தியேட்டர் மனையை மேலிருந்து பாருங்கள். நடுவில் ஹால். சுற்றிலும் காலி இடம். தீப்பிடித்தால் ஜனங்கள் வெளியே ஓடுவதற்காகச் சினிமா உரிம விதிகள் அந்தத் திறந்தவெளியைக் கேட்டன. அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டு, ஸ்கூட்டர் ஸ்டாண்டு, பின்னால் ஜெனரேட்டர் அறை, ஊழியர் குடியிருப்பு. மொத்த மனையில் ஹால் பிடித்திருக்கும் இடம் ஒரு பகுதிதான். மீதியில் ஒரு பெரிய கட்டடம் எழுப்பலாம். ஆனால் இன்றைய கணக்கில் அந்த ஹால் ஒரு சுமை. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு, சாதாரணக் கட்டடத்துக்கு 2, உயரடுக்குக் கட்டடத்துக்கு 3.25. பணம் கட்டினால் அதற்கு மேலும் கொஞ்சம் கிடைக்கும். ஹாலை நிறுத்திவைத்தால் அதன் தளப்பரப்பும் இந்தக் கணக்கில் சேர்கிறது. அதன் தலைக்கு மேல் பத்து மாடி போட முடியாது. வண்டி நிறுத்த நிலவறை தோண்டவும் அது குறுக்கே நிற்கிறது. கட்டுமான நிறுவனத்தின் கணக்கர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார், இடியுங்கள் என்று.

அந்தக் கணக்கை மாற்றுவது உங்களால் முடியும். மதிப்புள்ளது என்று நீங்கள் பட்டியலிட்ட அரங்கை மீட்டுப் புதுப்பித்துப் பொதுமக்களுக்குத் திறந்தால், அதன் பரப்பை எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேர்க்காதீர்கள். அரங்கின் தலைக்கு மேல் கட்ட முடியாமல் போன அளவை அதே மனையின் பின்பக்கத்தில் கூடுதலாகக் கட்ட அனுமதியுங்கள். அங்கும் இடம் போதாது என்றால், வளர்ச்சி உரிமையை வேறு மனைக்கு மாற்றிக்கொள்ளும் சான்று கொடுங்கள். சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுப்பவருக்கு இந்தச் சான்றைக் கொடுக்கிறோம். ஊரின் நினைவில் இருக்கும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுகிறவருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். வண்டி நிறுத்த இடமும் அப்படித்தான். மவுண்ட் ரோட்டுக்கு அடியில் 2019 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. எல்.ஐ.சி., அரசினர் தோட்டம் என்று நடக்கும் தூரத்தில் நிலையம் இருக்கும்போது, படம் பார்க்க வருகிறவர் எல்லாரும் காரில் வருவார்கள் என்ற கணக்கில் நிலவறை கேட்கவேண்டியதில்லை.

ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு பூட்டும் போடுங்கள். புதுக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று கொடுக்கும் நாளில் அரங்கு புதுப்பிக்கப்பட்டுத் திறந்திருக்கவேண்டும். முதலில் அடுக்குமாடி, அரங்கு அடுத்த கட்டத்தில் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். அடுத்த கட்டம் வரவே வராது. கூரையில் ஒரு ஓட்டை விழும், இரண்டு மழைக்காலம் போகும், பால்கனி ஆபத்து என்று ஒரு பொறியாளர் சான்று கொடுப்பார், பாதுகாப்புக் கருதி என்று இடித்துவிடுவார்கள். நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது என்பதால், இந்த ஒரு நிபந்தனை நூறு பக்கப் பாதுகாப்புக் கொள்கையைவிட உறுதியாக வேலை செய்யும்.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிடுகிற வழக்கத்தையும் ஏற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தியேட்டர் என்பது அதன் உள்வெளி. நடுவில் ஒரு தூண்கூட இல்லாத அகலம், மேலே இரும்புச் சட்டங்கள், தூண் தாங்காமல் முன்னால் நீண்டு நிற்கிற பால்கனி, திரையை நோக்கிச் சரிகிற தரை, ஒலி எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் பதித்த பலகைகள். தேவி பாரடைஸில் படம் முடிந்து அந்தச் சாய்தளத்தில் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியவர்களுக்கு அது என்ன என்று தெரியும். கூட்டமாக இறங்கும்போதே படத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிடும். கட்டடத்தை வரைந்தவர் நினைத்துச் செய்தது அது. முகப்பில் பெயர்ப் பலகையை மட்டும் வைத்தால் இது எதுவும் மிஞ்சாது.

இப்படியெல்லாம் எங்கே நடந்திருக்கிறது என்று கேட்பீர்கள். மும்பையில் சர்ச்கேட்டுக்கு எதிரே 1938இல் திறந்த ஈராஸ் இருக்கிறது. கட்டும்போதே அது தியேட்டர் மட்டும் அல்ல, கடைகளும் அலுவலகங்களும் சேர்ந்த ஒரே கட்டடம். பல வருடம் மூடிக் கிடந்து, இடித்துவிடுவார்களோ என்று ஊர் பதறி, கடைசியில் புதுப்பித்து 2024இல் திறந்தார்கள். பழைய ஹாலின் ஆயிரத்துச் சொச்சம் இருக்கை இப்போது சுமார் முந்நூறு. பெரிய திரை ஒன்று, மீதி இடம் கடைகளுக்கு. உள்ளே நிறைய மாறிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனால் கட்டடம் நிற்கிறது, சாயங்காலம் விளக்கு எரிகிறது. அது நின்றதற்கு ஒரு காரணம், அந்தப் பகுதியின் ஆர்ட் டெகோ கட்டடங்கள் பட்டியலில் இருந்ததும், 2018இல் அவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடமானதும். ஈராஸுக்கு அப்போது வயது எண்பது. நம் கேசினோ 1941இல் வந்தது. அதே காலம், அதே பாணி. மும்பையில் உலகப் பாரம்பரியம், இங்கே 'சினிமாக் கொட்டகைதானே' என்றால் எப்படி?

மும்பையில் இன்னொன்றும் உண்டு. பழைய தியேட்டர் மனையில் புதிதாகக் கட்டுகிறவர், இருந்த இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்காவது கொண்ட ஓர் அரங்கைத் திரும்பத் தரவேண்டும் என்று அங்கே கட்டட விதியில் எழுதி வைத்தார்கள். உரிமையாளர்களுக்கு அந்த விதி பிடிக்கவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்டும் வந்திருக்கிறார்கள். கட்டாயம் மட்டும் இருந்து ஈடு போதாமல் இருந்தால் அப்படித்தான் ஆகும். நம் விதியில் இரண்டையும் சேர்த்து எழுதலாம்.

சிங்கப்பூரின் கேப்பிட்டல் தியேட்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1930இல் திறந்தது. 1998 டிசம்பரில் மூடியது. பத்துப் பன்னிரண்டு வருடம் இருட்டாகக் கிடந்தது. நிலம் அரசுடையது. 2007இல் தியேட்டரையும் பக்கத்தில் இருந்த கேப்பிட்டல் கட்டடம், ஸ்டாம்ஃபோர்டு ஹவுஸ் இரண்டையும் பாதுகாக்கவேண்டிய கட்டடங்களாக அறிவித்தார்கள். 2010இல் மொத்த வளாகத்தையும் ஏலம் விட்டபோது, தியேட்டரை மீட்டு அரங்காகவே திறக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். ஓட்டல், குடியிருப்பு, கடைகள் எல்லாம் சுற்றிலும் வந்தன. 2015இல் தியேட்டர் திறந்தது. மேடையின் இரு பக்கமும் சிறகு விரித்த குதிரைச் சிற்பங்களை மீட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இருக்கைகள் தரைக்குள் போய்விடும்படி ஒரு பொறி அமைத்திருக்கிறார்கள். காலையில் சமதளக் கூடம், மாலையில் சரிவான தியேட்டர். அங்கே எல்லாமே நன்றாகப் போனது என்று சொல்லமாட்டேன். பங்குதாரர்களுக்குள் தகராறு வந்தது. ஓட்டல் 2018 வரை திறக்கவில்லை. கடைகளுக்குக் கூட்டம் சேரவும் நாளானது. ஆனால் அத்தனை தகராறிலும் தியேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒப்பந்தத்தில் அது முதலிலேயே பூட்டப்பட்டிருந்தது. நான் மேலே கேட்ட பூட்டு இதுதான்.

நம் ஊரிலேயே நடந்ததையும் மறக்கவேண்டாம். சென்ட்ரல் அருகே விக்டோரியா பப்ளிக் ஹால். கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1880களின் கடைசியில் திறந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அந்த மேடையில் நடந்தன. எத்தனை வருடம் அது புறாக்களுக்கு வீடாக இருந்தது என்று எண்ணிச் சொல்வது கஷ்டம். மாநகராட்சி ரூ.32.62 கோடித் திட்டத்தில் அதைச் சீரமைக்க இறங்கியது. சிமெண்ட் அள்ளிப் பூசாமல் சுண்ணாம்புக் காரை கொண்டு வேலை செய்தார்கள். பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே தங்கி, சுவரே உதிர்ந்துவிடும் என்று தெரிந்து செய்த வேலை. அந்த அறிவும் அந்தக் கொத்தனார்களும் இப்போது இந்த ஊரில் இருக்கிறார்கள். அடுத்த வேலை கிடைக்காவிட்டால் கலைந்துபோவார்கள்.

அரசுக் கட்டடம் என்பதால் அது முடிந்தது, தனியார் கட்டடத்துக்கு அந்த வழி கிடையாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் சட்டம் தடுத்தால் மட்டும் போதுமா என்பதற்கும் மவுண்ட் ரோட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், பழைய பெயர் கார்டைல் பில்டிங், 1897இல் எழுந்தது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் குழுமத்தின் கீழ்ப் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு குழு செயல்படத் தொடங்கியதற்கும் அந்த வழக்கு பெரிய காரணம். தீர்ப்பு கட்டடத்தை இடிபடாமல் காத்தது. ஆனால் உள்ளே யாருக்கும் வேலை இல்லை. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அது பூட்டிக் கிடந்தது, சுவரில் அரசங்கன்று முளைத்தது. அதே சாலையில் எலெக்ட்ரிக் தியேட்டருக்கு எந்த வழக்கும் இல்லை, எந்தத் தீர்ப்பும் இல்லை. தினமும் கதவு திறந்து பெருக்கி விளக்குப் போட ஆள் இருந்தார்கள், அது நின்றது. இரண்டையும் ஒரே நாளில் போய்ப் பார்த்தால், நான் ஏன் வெறும் தடை கேட்காமல் வேலையோடு சேர்ந்த பாதுகாப்பைக் கேட்கிறேன் என்பது புரியும்.

பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாரம்பரியக் கட்டடப் பட்டியல்களைப் புரட்டினால் சிவப்புச் செங்கல், கூம்பு மாடம், வெள்ளைக்காரர் காலம் என்றே கண் போகிறது. 1940 முதல் 1970 வரை நாமே நம் காசில் நமக்காகக் கட்டிக்கொண்ட கட்டடங்களுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. 1970இல் வந்த தேவி வளாகத்துக்கு இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது. கேசினோவுக்கு எண்பது கடந்துவிட்டது. இரண்டும் இன்றும் படம் காட்டுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்கெடுங்கள். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012இல் வந்தது. அது நடைமுறைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் எத்தனை தியேட்டர் போனது என்று நாங்கள் பார்த்துவிட்டோம். ஆணையத்தோடு சேர்ந்து, மவுண்ட் ரோட்டிலிருந்து மின்ட், பிராட்வே, புரசைவாக்கம், பெரம்பூர், தண்டையார்பேட்டை வரை நடந்து, இன்னும் எந்த ஹால் நிற்கிறது, உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். உரிமையாளர் பயப்படாதபடி, பட்டியலில் வந்தால் கிடைக்கும் கூடுதல் உரிமையையும் அதே கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். பட்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் இரவோடு இரவாக ஜே.சி.பி. வருவதற்குக் காரணம், அந்தச் சொல்லோடு இதுவரை நஷ்டம் மட்டுமே வந்திருக்கிறது.

வட சென்னையை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். காப்பாற்றுவதென்றால் மவுண்ட் ரோடு, கடற்கரைச் சாலை என்று நின்றுவிடுகிறோம். மின்ட் பக்கம் ஒரு காலத்தில் கிரவுன், கிருஷ்ணா, முருகன், பிரபாத் என்று தெருவுக்குத் தெரு தியேட்டர். துறைமுகத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் சவுக்கார்பேட்டை வியாபாரியும் ஒரே வரிசையில் நின்ற இடங்கள். இன்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நாடகம் போட, கானா பாட, குத்துச்சண்டைப் பரிசு கொடுக்கக்கூட ஒரு நல்ல அரங்கு தேடி அலைகிறார்கள். நானூறு பேர் உட்காரும் ஹால் ஒன்று அங்கே மீண்டால், பகலில் பள்ளி நிகழ்ச்சி, மாலையில் படம், மாதம் ஒருமுறை நாடகம் என்று அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் வீடுகள் வரட்டும், அவற்றின் கீழே கடைகள் வரட்டும். வீடு இல்லாத ஊரில் வீடு கட்டாதீர்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

யார் உள்ளே வர முடியும் என்பதையும் விதியில் எழுதுங்கள். இந்த ஊர்த் தியேட்டர்களில் முன்வரிசையைப் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஒதுக்கும் பழக்கம் நெடுநாள் இருந்தது. மல்டிபிளெக்ஸிலும் இருந்தது. அரசிடமிருந்து கூடுதல் கட்டட உரிமை வாங்கிய அரங்கு, வருடத்தில் சில நாள் அந்த வட்டாரப் பள்ளிகளுக்கும் குழுக்களுக்கும் குறைந்த வாடகைக்குத் திறக்கவேண்டும். முகப்பில் தள்ளுவண்டிக்காரர் நிற்க இடம் விடவேண்டும். கேசினோ வாசலில் படம் விட்டு வருகிறவர்களும் ரிச்சி தெருவில் கடை மூடிவிட்டு வருகிறவர்களும் ஒரே நேரத்தில் சாலையில் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதி இரவு பத்து மணிக்கும் பெண்கள் தைரியமாக நடக்கும் இடமாக இருந்தது என்றால் அந்தக் கூட்டமும் அந்தத் தள்ளுவண்டி விளக்குகளும்தான் காரணம். அலுவலகக் கட்டடம் மட்டும் எழுந்த சாலையில் ஏழு மணிக்கே ஷட்டர் விழுந்துவிடுகிறது.

திரையரங்கு உரிமையாளர்களுக்கும் இதே மடலில் ஒரு வேண்டுகோள். விற்க முடிவு செய்துவிட்டால் விற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து. ஆனால் வாங்குகிறவரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன், கட்டடத்தின் வரைபடம், உரிமக் கோப்பு, பழைய நோட்டீஸ், கணக்குப் புத்தகம், புரொஜெக்டர் இவற்றை எடுத்து ஓர் அறையில் வையுங்கள். எடைக்குப் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நாள் செலவுக்குக்கூட வராது. பின்னால் யாராவது மீட்க நினைத்தால் அந்த வரைபடம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

அப்பா இறந்து சில வருடமாகிறது. கடைசி நாட்களில் டி.வி.யில் பழைய படம் ஓடும்போது திரையின் வலது மூலையில் அந்தப் புள்ளி மின்னினால், பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுவார். விரல் தானாக ஒரு திருகைத் தேடும். அவர் வேலை பார்த்த கேபின் எப்படி இருந்தது என்று என் பேத்திக்கு நான் வாயால்தான் சொல்லவேண்டியிருக்கிறது. தகரக் குழாய் என்கிறேன், கறுப்புக் கண்ணாடி என்கிறேன். அவள் தலையாட்டுகிறாள்.

இந்த மடலின் ஒரு பிரதியை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்திலிருந்து ஸ்பீட் போஸ்ட்டில் உங்களுக்கு அனுப்புகிறேன். மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான கருத்தாகவே இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கள ஆய்வுக்கு யாராவது வருவதாக இருந்தால், எலெக்ட்ரிக் தியேட்டர் வாசலில் சந்திக்கலாம். அங்கிருந்து பாரத் இன்சூரன்ஸ், சாந்தி இருந்த இடம், தேவி, கேசினோ எல்லாம் நடக்கும் தூரம்தான். வார நாளில் மாலைக் காட்சி தொடங்குவதற்கு அரை மணி முன்னால் வாருங்கள். நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஓர் ஆபரேட்டரின் மகன்